நீலச் சட்டை போட்ட செத்திமியோ

எங்கள் மலையடி ஊரான கூப்பியோவில் வருடத்துக்கு ஒரு நாள் ஓட்டம் நடக்கும். மே பதினைந்து. மூன்று புனிதர்கள், மூன்று மரத்தூண்கள். ஒவ்வொரு தூணும் மூன்று ஆள் உயரம், உச்சியில் புனிதரின் சிலை, அடியில் எட்டுப் பேரின் தோள்கள். ஊரைச் சுற்றி ஓடி, பிறகு இஞ்சினோ மலை உச்சியில் இருக்கும் கோயில்வரை ஓடவேண்டும். முதலில் மஞ்சள் சட்டைக்காரர்களின் உபால்தோ போவார். அடுத்து நீலச் சட்டைக்காரர்களின் ஜார்ஜியார். கடைசியில் கறுப்புச் சட்டைக்காரர்களின் வனத்து அந்தோணியார். இந்த வரிசை மாறியதில்லை, மாறப்போவதும் இல்லை. ஒருவரை ஒருவர் முந்துவது என்ற பேச்சே கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். "யாரு முதல்ல வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு இப்படி உசுர விட்டு ஓடுறீங்க?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் ரொட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பில் இருப்பது கருகிவிடும்.

நான் இசொலினா. ஓட்டம் இறக்கத்தில் இறங்கி வந்து திரும்புகிற வளைவில் இருக்கிறது என் ரொட்டிக்கடை. பிறப்பால் மஞ்சள். எங்களுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. முதலில் போகிறவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. பொறாமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுச் செத்திமியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

செத்திமியோ ஏழாவது பிள்ளை. ஆறு பேர் போட்டுக் கழித்த சட்டை, ஆறு பேர் உட்கார்ந்து தேய்த்த சைக்கிள், ஆறு பேருக்குப் பரிமாறியபின் பாத்திரத்தில் மிஞ்சிய குழம்பு. சின்ன வயதிலேயே பக்கத்துத் தட்டைப் பார்க்கிற கண் அவனுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்துத் தட்டாக அமைந்தவன் ரினால்தோ. ஒரே பெஞ்சு, ஒரே தெரு, ஒரே கறுப்புச் சட்டை. வளர்ந்து கல்யாணம் ஆனபிறகும் ஒரே வீடு. கீழே செத்திமியோ, மாடியில் ரினால்தோ.

மாடி வீட்டுக்கு வெயில் வரும். கீழ்வீட்டுக்கு வராது. இதை ஒரு அநியாயமாகவே செத்திமியோ பேசுவான். ரினால்தோவின் தக்காளி சிவப்பாகப் பழுத்தால் இவன் முகம் சிவந்துபோகும். ரினால்தோவுக்குத் தலைமுடி கொட்டவில்லை என்பதுகூட இவனுக்கு உறுத்தல். இரண்டு பேரின் அப்பாக்களும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். ரினால்தோவின் அப்பா சாவுக்குக் கூட்டம் அதிகம், பேண்டு வாத்தியமும் வந்தது. செத்திமியோ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கத்தில் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் மனைவி இவானாதான் என் கடையில் வந்து உண்மையைச் சொன்னாள்.

"துக்கமாவது ஒண்ணாவது! எங்கப்பாவுக்கு ஏன் பேண்டு வரலைன்னு வயிறு எரிஞ்சுக்கிட்டு படுத்திருக்கு."

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவனுக்கு யார்மேலும் பொறாமை இருந்ததில்லை. அது தூணுக்கு அடியில். என் கடைமுன் இருக்கும் வளைவில் கறுப்புத் தூணின் இடது முன்முனை அவனுடையது. இறக்கத்தில் ஓடிவந்து திரும்பும்போது மொத்தப் பாரமும் அந்த ஒரு தோளில்தான் வந்து இறங்கும். இருபத்தைந்து வருடமாக அதை அவன் தாங்கினான். வளைவைத் தாண்டியதும் அடுத்த ஆள் தோள் மாற்றிக்கொள்வான். செத்திமியோ என் கடைப்படியில் வந்து விழுந்து மூச்சு வாங்குவான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். உலகத்தில் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாத ஒரு ஆளின் முகம் அது.

மீதி நாட்களில் அவனுக்கு மலைக்குப் போகிற கம்பிக்கூண்டில் வேலை. எங்கள் ஊர்க் கூண்டு நிற்காது. வடத்தில் தொங்கியபடி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டு போகலாம். செத்திமியோ வருகிறவர்களைத் தரையில் போட்டிருக்கும் சிவப்பு வட்டத்தில் நிறுத்துவான். கூண்டு வந்ததும் இடுப்பைப் பிடித்து உள்ளே திணிப்பான், கதவை அடிப்பான். ஓவியம் பார்க்க, கோயில் பார்க்க, திருவிழா பார்க்க என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் அவன் கையில் மாவு மூட்டை மாதிரி உள்ளே போவார்கள். பேராசிரியராக இருந்தாலும் அதே தள்ளுதான்.

இப்படி இருந்தபோதுதான், ஒரு குளிர்காலத்தில் கறுப்புச் சட்டைக்காரர்கள் கூடி அந்த வருடத்துக்கான தூண்தலைவனைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். தூண்தலைவன் பாரம் சுமக்கமாட்டான். தூணுக்கு முன்னால் ஓடி, எப்போது திரும்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று குரல் கொடுப்பான். ஓட்டத்தன்று மதியம் சதுக்கத்தில் தூணைத் தூக்கி நிறுத்தும்போது அதன்மேல் ஏறி, ஜாடித் தண்ணீரை ஊற்றி, ஜாடியைக் கூட்டத்துக்குள் எறிவான். ஒரு ஆளின் வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. அதற்குப்பிறகு அவன் செத்தாலும் ஊர் அவனைத் தூண்தலைவன் என்றுதான் சொல்லும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவன் ரினால்தோ.

மறுநாள் காலை செத்திமியோ ரொட்டி வாங்க வந்தான். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"என்ன செத்திமியோ, மாடி வீட்டுக்காரன் தலைவன் ஆயிட்டானாமே?"

"ஆகட்டும். குழாய் அடைப்பு எடுக்குறவன் கைல தண்ணி ஜாடி பொருத்தமாத்தான் இருக்கும்."

ரினால்தோவுக்குக் குழாய் வேலை. சொல்லிவிட்டுச் செத்திமியோ சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனான்.

அதற்குப்பிறகு அவன் வாயை அடக்க முடியவில்லை. ஊர்க்காரர்களிடம் சொன்னால் திரும்பி ரினால்தோ காதுக்குப் போகும் என்பதால் கூண்டில் ஏறுகிற வெளியூர்க்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். திணிப்பதற்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. இந்த வருடத் தலைவனுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது, கறுப்புத் தூண் கவிழாமல் போனால் அதுவே அந்தோணியார் புண்ணியம் என்றெல்லாம். இந்த மனிதனுக்குத் தோன்றாத ஒன்று என்னவென்றால், வெளியூர்க்காரர்களுக்கும் பசிக்கும், அவர்களும் ரொட்டிக்கடைக்கு வருவார்கள்.

ஹாலந்திலிருந்து உல்ரிக்கே என்று ஒரு அம்மா ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிடுவாள், திருவிழா முடியும்வரை இருப்பாள். ஓவியங்களைப் பார்ப்பதும் திருவிழாவைப் படம் எடுப்பதும்தான் அவளுக்கு வேலை. என் கடைக்கு மேலே இருக்கும் அறையில் தங்குவாள். எங்கள் பாஷையைப் புத்தகத்தில் படித்தவள். பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும். ரினால்தோ கடையில் நின்றிருந்தபோது, அவன்தான் தலைவன் என்று தெரியாமல் என்னிடம் கேட்டாள்.

"இவ்வருடத் தலைவருக்கு முழங்கால்கள் இரண்டும் பழுதடைந்துவிட்டனவாமே? கூண்டில் ஏற்றிவிட்ட ஐயா மிகவும் வருத்தப்பட்டார்."

ரினால்தோ வாயில் இருந்த ரொட்டியை மென்று முடித்தான். "அந்த ஐயாவுக்கு மீசை இருந்துச்சாம்மா?"

"இருந்தது."

"ரொம்ப வருத்தப்பட்டாரா?"

"கண் கலங்கினார்."

"அதுக்கு வேற காரணம் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு ரினால்தோ வெளியே போனான். நான் கதவருகே போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். வாசல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செத்திமியோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். தெருவிலேயே மடக்கினான் ரினால்தோ.

"டேய், எனக்கு முட்டி போயிடுச்சாமே?"

"யாரு சொன்னா?"

"ஹாலந்து வரைக்கும் சேதி போயிருச்சு."

"போனா என்ன? நீ ஓடுறப்ப ஊருக்கே தெரியத்தான போகுது."

"என்னடா உனக்குப் பிரச்சன? நான் கெஞ்சியா வாங்குனேன்? எல்லாரும் கைதூக்குனாங்க. நீயும்தான தூக்குன."

"நான் தூக்கல."

"தெரியும்டா," என்றான் ரினால்தோ. "கூட்டத்துல ஒரே ஒரு கைதான் கீழ இருந்துச்சு. அது யாரோடதுன்னு பாக்காமலா இருப்பேன்? சரி, அத விடு. இடது முன்முனை உன்னோடது. யாரும் தொடமாட்டாங்க. வந்து தூக்கு, அது போதும் எனக்கு."

"அதாவது, உன் முதுகப் பாத்துக்கிட்டே நான் ஓடணும்."

"பின்ன? நீ எனக்கு முன்னால ஓடப்போறியா?"

சும்மா கேட்ட கேள்விதான். ரினால்தோ மாடிக்குப் போய்விட்டான். செத்திமியோ மட்டும் தெருவில் அப்படியே நின்றான். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் துடைப்பத்தால் இரண்டு போட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முந்த முடியாது. கறுப்பு எப்போதும் மூன்றாவதுதான். கறுப்புத் தலைவனுக்கு முன்னால் ஒருவன் ஓடவேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. அந்த வழியை இந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததை இவானா மறுநாள் எனக்குச் சொன்னாள், பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக.

"உங்கப்பாவோட நீலச் சட்டை இருக்கா?"

"எதுக்கு? தரை தொடைக்கவா?"

"போட்டுக்கிறதுக்கு."

இவானா நீலக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்தோடு கறுப்புக்கு வந்தவள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாளாம். "கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா ஒரு நீலத் துண்டு கழுத்துல கட்டிக்கிட்டு வந்தாருன்னு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட ஆளு நீ. வருசா வருசம் உன் கறுப்புத் துணியத் தொவச்சு ஜன்னல்ல போட்டவ நான். இப்ப உனக்கு நீலம் கேக்குதா?"

"அவனுக்கு முன்னால போகணும். அவ்வளவுதான்."

"எவனுக்கு?"

"மேல இருக்குறவனுக்கு."

"ஆண்டவருக்கா?"

"ரினால்தோவுக்குடி!"

அவளுடைய தம்பி துல்லியோ நீலக் கூட்டத்தில் சொல்வாக்கு உள்ளவன். செத்திமியோ போய்க் கேட்டதும் அவனே ஆடிப்போய்விட்டான். "மச்சான், கட்சி மாத்தலாம். வீடு மாத்தலாம். பொண்டாட்டியக்கூட மாத்துறாங்க. சட்டைய எவனாவது மாத்துவானா?" என்றான். ஆனால் கறுப்புக் கூட்டத்திலிருந்து ஒருவன், அதுவும் இடது முன்முனை தூக்கியவன், தானாக வந்து நீலச் சட்டை கேட்கிறான் என்பது அவர்களுக்கு இனித்திருக்க வேண்டும். தோள் கொடுக்க இடம் இல்லை, பக்கவாட்டில் தூக்குகிறவனின் கையோடு கைகோத்து அவனைத் தாங்கிக்கொண்டு ஓடலாம், அதுவும் ரொட்டிக்கடை வளைவில் மட்டும் என்று முடிவானது. எந்த வளைவு வேண்டும் என்று கேட்டுவாங்கியவன் செத்திமியோதான். அதே இடத்தில், ரினால்தோவின் கண்முன்னால், அவனுக்கு முன்னால்.

ஊர் இதைத் தாங்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் மதம் மாறினால் இரண்டு நாள் பேசுவார்கள். செத்திமியோவைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் அவன் கையால் கூண்டில் ஏறமாட்டோம் என்று மலைக்கு நடந்தே போனார்கள். எழுபது வயதுக் கிழவர்கள்கூட வேர்த்து விறுவிறுத்து ஏறினார்கள். முடிவெட்டுகிற கடையில் இவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இவானா எங்கே போனாலும் ஒரே கேள்வி, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே அவருக்கு?" ரினால்தோ மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். அந்த ஒதுங்கல்தான் செத்திமியோவுக்கு மிகவும் எரிச்சல். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்றான் ஒருநாள்.

காலியான இடது முன்முனையை லோரிஸுக்குக் கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவன், முப்பத்தைந்து வயது, பத்து வருடமாக ஒரு இடத்துக்குக் காத்திருந்தவன். அதைப் பற்றிச் செத்திமியோ ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்ணில் ரினால்தோவைத் தவிர வேறு யாரும் படவில்லை.

மே பதினைந்து விடிந்ததும் தம்பட்டக்காரர்கள் தெருவுக்குள் வந்தார்கள். தூண்தலைவனை அன்று அவர்கள்தான் எழுப்பவேண்டும், அது முறை. மாடியில் இருக்கிறவனை எழுப்புவதற்குக் கீழ்வீட்டு ஜன்னலை ஒட்டி நின்று அடித்தார்கள். வேறு இடமில்லை, தெரு அவ்வளவுதான் அகலம். செத்திமியோ நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையணையால் காதை அழுத்திக்கொண்டு படுத்திருந்தானாம். மாமனார் ஒல்லி. சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. மதியம் சதுக்கத்தில் ரினால்தோ தூண்மேல் ஏறி ஜாடியை எறிந்தபோது எழுந்த சத்தம் என் கடைவரை கேட்டது. செத்திமியோ அங்கே போகவில்லை. துல்லியோ வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பெரிய மணி அடிக்க ஆரம்பித்தது. தெருவின் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஜனம். உல்ரிக்கே மேல் ஜன்னலில் கேமராவோடு. நான் கடை வாசலில் மேசைமேல் ஏறி நின்றிருந்தேன். எங்கள் உபால்தோ முதலில் வந்தார். காற்று மாதிரி வந்து, திரும்பி, போய்விட்டார். மேசைமேல் நின்றபடி நான் கத்தினேன். எத்தனை வருடம் பார்த்தாலும் கத்தத்தான் செய்கிறேன்.

அடுத்து நீலம். தூணின் இடது பக்கத்தில் கைகோத்தபடி செத்திமியோ. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். கால் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வளைவு வரும்வரை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. என் கடை வளைவில் நீலக்காரர்கள் உள்பக்கச் சுவரை ஒட்டித் திரும்புவார்கள். கறுப்புக்காரர்கள் வெளிப்பக்கமாக அகலமாகப் போய்த் திரும்புவார்கள். அவரவர் அப்பா, தாத்தா காலத்துப் பழக்கம். இருபத்தைந்து வருடமாகச் செத்திமியோவின் கால் அந்த இடத்தில் வெளிப்பக்கம்தான் போயிருக்கிறது. சட்டையை மாற்றலாம், காலை எப்படி மாற்றுவது? நீலத்தூண் உள்ளே திரும்பியது. அவன் கால் வெளியே போனது. கோத்திருந்த கை தூக்குகிறவனைத் தன்னோடு இழுத்தது. அவன் தோள் விலகியதும் தூண் சாய்ந்தது, என் கடைக்கு எதிர்ச்சுவரில் உரசிக்கொண்டே இறங்கி, தெருவின் குறுக்கே விழுந்தது. ஜார்ஜியார் குதிரையோடு கல்தரையில் கிடந்தார். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர். யாருக்கும் எலும்பு முறியவில்லை, அது அந்த ஜார்ஜியார் செயல்.

மேலே பார்த்தேன். கறுப்புத்தூண் இறக்கத்தில் முழுவேகத்தில் வந்துகொண்டிருந்தது.

விழுந்த தூணைத் தாண்டிப் போகக்கூடாது. நிற்கவேண்டும். ஏற்றத்தில் நிற்பது வேறு; அந்த இறக்கத்தில், ஓடிவருகிற பாரத்தை நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. முன்னால் ஓடிவந்த ரினால்தோ அப்படியே திரும்பினான். தூணைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்தான். "நில்லு!" என்று ஒரே ஒரு குரல். எட்டுப் பேரும் குதிகாலை ஊன்றினார்கள். தூண் முன்னால் சாய்ந்தது, உச்சியில் தாடிக்கார அந்தோணியார் குனிந்து கீழே பார்க்கிற மாதிரி வந்தார், பிறகு மெதுவாக நிமிர்ந்தார். நின்றுவிட்டது.

ரினால்தோவின் முதுகுக்குப் பின்னால், அவன் குதிகாலுக்கு எட்டும் தூரத்தில், நீலச் சட்டை வயிற்றில் கிழிந்து, செத்திமியோ மல்லாந்து கிடந்தான். ரினால்தோ திரும்பிப் பார்த்தான்.

"எழுந்திருடா," என்றான். சத்தம் போடவில்லை. "ஆளுங்க தோள் எரியுது."

நீலக்காரர்கள் சாபம் போட்டுக்கொண்டே எழுந்து, தூணைத் தூக்கி நிறுத்தி, ஓடினார்கள். செத்திமியோவை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் அவன் அக்குளில் கைகொடுத்துக் கடைக்குள் இழுத்துப்போட்டேன். அதற்குப் பிறகுதான் கறுப்புத்தூண் வெளிப்பக்கமாக, அகலமாக, அழகாகத் திரும்பிப் போனது.

மாவு மூட்டைமேல் உட்காரவைத்து முழங்காலைக் கழுவிவிட்டேன். நல்ல இரண்டு திட்டு திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இசொலினா, அது இவ்வளவு பெருசா?"

"எது?"

"எங்க அந்தோணியார். ஓடிவர்றப்ப நான் பாத்ததே இல்ல. அடியிலயே இருந்தேன்ல, முன்னால ஓடுறவன் முதுகும் தரையும்தான் தெரியும். எதிர்ல வந்து ஒரு நாளும் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் பாத்தேன். படுத்துக்கிட்டு பாத்தேன்." மூக்கை நீலச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "எட்டுப் பேரும் மலை மாதிரி நிக்குறானுங்க. எனக்காக நிக்குறானுங்க. அதுல நான் இல்ல."

ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன். சாப்பிடவில்லை.

உல்ரிக்கே மேல் ஜன்னலிலிருந்து எடுத்த படம் அந்த வாரமே செய்தித்தாளில் வந்தது. இறக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற கறுப்புத்தூண், அதன்முன் கையை விரித்தபடி ரினால்தோ, காலடியில் வாயைப் பிளந்துகொண்டு நீலச் சட்டைச் செத்திமியோ. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காப்பிக்கடையில் மாட்டினார்கள், முடிவெட்டுகிற கடையில் மாட்டினார்கள், கறுப்புக்காரர்களின் மண்டபத்தில் சட்டம் போட்டே மாட்டினார்கள். எத்தனையோ தூண்தலைவர்கள் வந்துபோயிருக்கிறார்கள், பாதிப் பேரின் பெயர் எனக்கே மறந்துவிட்டது. ரினால்தோவை இனிமேல் யாரும் மறக்கமுடியாது. அதைச் செய்துகொடுத்தவன் செத்திமியோ. பொறாமைப்பட்டு ஒருவனை இவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்துத்தான் செத்திமியோ கடைக்கு வந்தான். அதுவரை இவானாதான் வந்து வாங்கிப்போனாள். அவன் நேரம், அன்று ரினால்தோவும் உள்ளே நின்றிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான், என் ரொட்டித் தட்டு.

செத்திமியோதான் முதலில் பேசினான். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நல்லா நிறுத்துன."

"ம்."

"அந்த எறக்கத்துல யாரும் நிறுத்தியிருக்க முடியாது."

"நான் எங்க நிறுத்துனேன்? கையத்தான் விரிச்சேன். நிறுத்துனது அவனுங்க."

செத்திமியோ ஒரு ரொட்டியை எடுத்தான், திரும்ப வைத்தான். "அடுத்த வருசம் எனக்கு எடம் உண்டாடா?"

ரினால்தோ நல்ல மனுஷன், மழுப்பத் தெரியாது. "கறுப்புச் சட்டைய நீ எப்ப வேணா போட்டுக்கலாம். யாரும் கேக்கமாட்டாங்க, நான் பாத்துக்கிறேன். ஆனா எடம் போயிருச்சுடா. லோரிஸ் பத்து வருசம் காத்துக்கிட்டிருந்தவன். அவன்கிட்டேருந்து புடுங்க முடியாது."

செத்திமியோ தலையை ஆட்டினான். அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் போகாமல் நின்றான்.

"நின்னப்ப மொத்த பாரமும் இடது முன்முனைலதான் வந்திருக்கும்."

"ஆமா."

"அசைஞ்சானா?"

"அசையல."

"என்னவிட நல்லா தூக்குறானா?"

இல்லை என்று சொல்லேன்டா, என்ன குறைந்துபோகும் என்று நான் ரினால்தோவைக் கண்ணால் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாடா," என்றான்.

செத்திமியோவின் முகத்தில் ரத்தம் ஏறியது, இறங்கியது. பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே கடையைவிட்டு வெளியே போனார்கள். தெருவைக் கடக்கும்போது ரினால்தோ இவன் தோள்மேல் கையைப் போட்டான். இவன் தட்டிவிடவில்லை.

அன்றிலிருந்து செத்திமியோ ரினால்தோவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. மாடி வீட்டு வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை. தக்காளியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவன் வயிற்றெரிச்சல் எல்லாம் இப்போது லோரிஸ்மேல்தான். லோரிஸின் லாரி தெருவில் போனால் ஜன்னலைச் சாத்துகிறான். லோரிஸ் ரொட்டி வாங்கினால், எத்தனை வாங்கினான் என்று என்னிடம் கேட்கிறான்.

மே பதினைந்தன்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். தூண் இறக்கத்தில் வரும்போது உச்சியில் இருக்கும் புனிதரைப் பார்க்கமாட்டான். இடது முன்முனையையே பார்ப்பான். கால் சறுக்காதா என்று ஒரு கண், சறுக்கிவிடுமோ என்று ஒரு கண். அவனுடைய இடது தோள் தானாக இறங்கும், சட்டைக்குள் தசை இறுகும். தூண் அகலமாகப் போய், திரும்பி, வளைவைத் தாண்டி மறைந்தபிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.

"நல்லாத்தான் தூக்குறான், நாசமாப் போறவன்," என்பான்.